கணுக்கால் மடங்கலைன்னா பைக்கை விக்கணுமா?

கணுக்கால் உடைஞ்சு பிளேட்டும் ஸ்க்ரூவும் வச்சவங்க, மூட்டு தேஞ்சுபோய் டாக்டர் எலும்பையே ஒண்ணா இறுக்கிச் சேர்த்துவிட்டவங்க, நரம்பு அடிபட்டுப் பாதத்தை மேலே தூக்க முடியாம போனவங்க, சின்ன வயசுல போலியோ வந்து பாதம் கீழ்நோக்கியே நின்னுபோனவங்க... இவங்க எல்லார்கிட்டயும் ஊர்ல ஒரே பேச்சுதான். "பைக்கை வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கோப்பா." அக்கறையிலதான் சொல்றாங்க, மறுக்கல. ஆனா அதைக் கேக்குறப்பல்லாம் எனக்கு எரிச்சலா வருது. அந்தக் கால் எவ்வளவு அசையுது, எந்தத் திசையில அசையுது, வலதா இடதா, வண்டி என்ன வண்டின்னு சொல்றவங்க யாரும் ஒரு கேள்விகூடக் கேக்குறதில்ல. கம்பெனி பெடலை எங்க வச்சுதோ அங்கதான் அது இருக்கும், மனுஷன்தான் அதுக்கு ஒத்துவரணும்னு கேள்வி வர்றதுக்கு முன்னாடியே முடிவாயிடுது.

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. பைக்குக்கு நம்ம காலாலே ஆகவேண்டிய காரியம் ரெண்டே ரெண்டு. இடது பக்கம் ஒரு லீவர் சில சென்டிமீட்டர் மேலயோ கீழயோ போகணும். வலது பக்கம் ஒரு பெடல் சில சென்டிமீட்டர் கீழே போகணும். அந்த நகர்வைக் கணுக்கால் குடுத்தாலும் சரி, முட்டி குடுத்தாலும் சரி, இடுப்பு குடுத்தாலும் சரி, கியர்பாக்ஸுக்கும் பிரேக் ஷூவுக்கும் வித்தியாசமே தெரியாது. கணுக்கால் நல்லா இருக்கறவங்களுக்கு அது சுளுவான வழிங்கறதால வண்டியை அப்படி அமைச்சிருக்காங்க. அமைச்சதை மாத்தலாம். பெரும்பாலும் அதுக்குப் பெரிய செலவோ வெளிநாட்டுச் சாமானோ தேவையே இல்ல, ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையான மெக்கானிக்கும் போதும். இதைத்தான் இந்தப் பதிவுல வாதம் பண்ணப்போறேன். எங்கெல்லாம் இந்த வாதம் நிக்காதோ அதையும் சொல்லிடறேன்.

முதல்ல கணக்கு. நல்லா இருக்குற கணுக்கால் பாதத்தை முட்டிப் பக்கமா சுமார் 20 டிகிரி தூக்கும், கீழ்ப்பக்கமா சுமார் 50 டிகிரி நீட்டும். சாதாரணமா நடக்கறதுக்கு மேல்நோக்கி 10 டிகிரி கிட்டத்தட்ட தேவைப்படும். இப்போ ஃபுட்ரெஸ்ட்ல பாதம் ஊன்றின இடத்துலேர்ந்து கியர் லீவர் 15 செ.மீ. முன்னாடி இருக்குன்னு வச்சுக்கங்க. லீவரை 3 செ.மீ. மேலே தள்ளணும்னா பாதம் சுமார் 11 டிகிரி சாயணும். அதுக்கும் முன்னாடி லீவருக்கு அடியில ஷூவை நுழைக்கப் பாதத்தைக் கொஞ்சம் கீழே இறக்கியாகணும். நல்ல கணுக்காலுக்கு இது ஒரு வேலையே கிடையாது. ஆபரேஷனுக்கு அப்புறம் அஞ்சு டிகிரிதான் மிச்சம்னு இருக்குறவருக்கு இது நடக்காத காரியம். ஆனா கவனிங்க, அவருக்குப் பற்றாக்குறையா இருக்கறது அசைவு மட்டும்தான். பெரும்பாலானவங்களுக்குத் தொடையில, இடுப்புல பலம் அப்படியே இருக்கு. அதனால பலம் கூடுதலா கேட்டாலும் பரவாயில்ல, அசைவு கம்மியா கேக்குற மாதிரி வண்டியை மாத்தணும். பின்னாடி சொல்லப்போற எல்லாமே இந்த ஒரு கணக்குலேர்ந்துதான் வருது.

பெடலைத் தொடறதுக்கு முன்னாடி உக்கார்ற விதத்தைப் பாக்கணும், இதை யாரும் கவனிக்கறதே இல்ல. ஒருத்தர் வண்டியில உக்காந்திருக்கும்போது முட்டி பாதத்தைத் தாண்டி முன்னாடி எவ்வளவு போகுதோ, அவ்வளவு கணுக்கால் மடங்கியாகணும். ஃபுட்ரெஸ்ட் பின்னாடி தள்ளியிருக்குற ஸ்போர்ட்ஸ் பைக்ல முட்டி நல்லா முன்னாடி வந்துடும். அங்க மடங்காத கணுக்கால் என்ன பண்ணும்? கால் நுனி தானா கீழே சாயும், நேரா பிரேக் பெடல் மேல போய் உக்காரும். கணுக்காலை இறுக்கிச் சேர்க்குற ஆபரேஷன்ல டாக்டர்கள் வழக்கமா பாதத்தைக் கீழ்க்காலுக்கு 90 டிகிரியிலதான் நிறுத்துவாங்க, ஏன்னா நடக்க அதுதான் வசதி. அப்படி 90-ல நின்ன பாதத்துக்கு, முட்டி பாதத்துக்கு நேர் மேலயோ கொஞ்சம் பின்னாடியோ இருக்குற வண்டிதான் ஒத்துவரும். நிமிர்ந்து உக்கார்ற 100 சிசி வண்டிகள் ஓரளவு சரி. ஃபுட்ரெஸ்ட் முன்னாடி தள்ளியிருக்குற அவெஞ்சர், மீட்டியோர் மாதிரி வண்டிகள் இன்னும் நல்லது, அங்க விறைப்பான பாதம் தானாவே மேல்நோக்கி நிக்கும், பெடலை விட்டு விலகியிருக்கும். இருக்குற வண்டியையே வச்சுக்கணும்னா சீட்டு ஃபோமை ரெண்டு விரக்கடை உயர்த்திப் பாக்கலாம். இடுப்பு உயர்ந்தா முட்டி விரியும், முட்டி விரிஞ்சா கணுக்காலுக்கு வேலை குறையும். (ரெண்டு காலும் தரையில எட்டுதான்னு பாத்துட்டுத்தான் செய்யணும். விறைச்ச கணுக்கால் நுனியில நின்னு வண்டியைத் தாங்காது.)

இப்போ இடது கால். கியர் விஷயத்துல நம்ம ஊரு சாதாரண வண்டிகள் ஒரு பெரிய உதவியை ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கு, முன்னாடியும் பின்னாடியும் மிதிக்கிற ஹீல்-டோ லீவர். செருப்புப் போட்டு ஓட்டறவங்க, வேலைக்குப் போற ஷூ மேல்பக்கம் தேயக்கூடாதுன்னு நினைக்கறவங்க எல்லாருக்கும் உதவுற அந்தச் சாமான், பாதத்தைத் தூக்க முடியாதவருக்கு வரப்பிரசாதம். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில எல்லா கியரும் முன்னாடி மிதிச்சா ஏறும், குதிகாலால பின்னாடி மிதிச்சா இறங்கும். தூக்கற வேலையே கிடையாது. பல்சர், அப்பாச்சி மாதிரி முதல் கியர் கீழே, மிச்சமெல்லாம் மேலேன்னு வர்ற வண்டியில, ஹீல்-டோ லீவர் போட்டா, குதிகாலால மிதிக்கறது நுனியால தூக்கறதுக்குச் சமம். ரெண்டு வகையிலயும் கணுக்கால் செஞ்ச வேலை தொடைக்குப் போயிடுது. காலை முழுசா ஃபுட்ரெஸ்ட்லேர்ந்து எடுத்து, குதிகாலை வச்சு, இடுப்புலேர்ந்து அழுத்தணும். பழகக் கொஞ்சம் நாளாகும், ஆனா பழகும்.

அதுலயும் ஒரு சிக்கல் உண்டு. கடையில வாங்குற லீவரோட பின்பக்கக் கை, நல்ல கணுக்காலை மனசுல வச்சு அளவெடுத்தது. முன் பட்டைக்கும் பின் பட்டைக்கும் நடுவுல பாதம் சிக்கிக்கிட்டா விறைச்ச கால் அதுலேர்ந்து வெளியே வராது, ஏன்னா நுனியை இறக்கி குதிகாலைத் தூக்கி நெளிஞ்சு வெளியே எடுக்குற அசைவு அந்தக் கால்ல இல்ல. அதனால நடு இடைவெளி அவரோட ஷூவைவிடத் தாராளமா இருக்கணும், கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் போடறவரா இருந்தா ஸ்பிளின்ட்டோட சேர்த்து அளக்கணும். லீவரைக் கழட்டி ஷாஃப்ட்டுல இருக்குற பல்லு வரிசையில (ஸ்பிளைன்) ஒரு பல்லு முன்னாடியோ பின்னாடியோ தள்ளி மாட்டினாலே உயரம் நல்லா மாறும். பெடலையும் கியர் ஷாஃப்ட்டையும் இணைக்குற லிங்க் ராடு வச்ச வண்டியா இருந்தா லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகி இன்னும் துல்லியமா ஏத்தலாம், இறக்கலாம். அதே லிங்க் ராடு வண்டியில கியர் ஷாஃப்ட்டு மேல இருக்குற குட்டிக் கையோட நீளத்தைக் குறைச்சா, பெடல் நகரவேண்டிய தூரம் குறையும், அழுத்தவேண்டிய பலம் கூடும். மேல சொன்ன கணக்கு அப்படியே இங்க வேலை செய்யுது. லீவரை வெட்டி வெல்டிங் பண்ணணும்னா ஸ்பிளைன் பக்கம் சூடு போகாம, நடுத்தண்டுல மட்டும் பண்ணச் சொல்லுங்க. ஸ்பிளைன் கெட்டா நடுரோட்டுல லீவர் வெறும் சுத்து சுத்தும்.

"கியர் வரிசையைத் தலைகீழா மாத்திட்டா போதாதா? ரேஸ் வண்டியில பண்றாங்களே?"ன்னு ஒரு யோசனை அடிக்கடி வரும். லிங்க் ராடு வண்டியில ஷாஃப்ட்டுக் கையைத் திருப்பிப் போட்டா வரிசை தலைகீழாகும், உண்மைதான். அப்போ கியர் ஏத்த மிதிக்கணும், இறக்கத் தூக்கணும். ஆனா ஏறின கியர் எல்லாம் எப்பவாவது இறங்கியே ஆகணும், அதனால தூக்கற எண்ணிக்கை பெருசா குறையப்போறதில்ல. போதாக்குறைக்கு அந்தத் தூக்கற வேலை முழுக்க வேகம் குறைக்குற அவசர நேரத்துக்கு வந்து சேரும். கணுக்கால் பிரச்சினைக்கு இது தீர்வே இல்ல.

பெடல்களோட இடம் ஒண்ணும் இயற்கை விதி கிடையாதுங்கறதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே சாட்சி இருக்கு. திருவொற்றியூர்ல செஞ்ச பழைய புல்லட்ல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. முதல் கியர் மேலே, மிச்சம் கீழே. பத்தாததுக்கு நியூட்ரல் போட தனியா ஒரு சின்ன பெடல் வேற. ஒரு தலைமுறையே அதை ஓட்டிச்சு. பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்துச்சு. அமெரிக்கா 1974 செப்டம்பர்லேர்ந்து கியர் இடது, பிரேக் வலதுன்னு பாதுகாப்பு விதி போட்டதும், டிரையம்ஃபும் நார்ட்டனும் கியரை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு மாத்திக் கொண்டுவர வேண்டியதாச்சு. அதாவது ஒரு நாட்டுச் சந்தைக்காகக் கம்பெனிகள் பக்கத்தையே மாத்தினாங்க. ஒரு மனுஷனோட காலுக்காக ரெண்டு சென்டிமீட்டர் மாத்தறது அபச்சாரமா என்ன?

வலது கால் விஷயம் வேற. இங்கதான் அதிகக் கவனம் வேணும், இங்கதான் பலரும் தப்பான இடத்தைப் பாக்குறாங்க. "பிரேக் அழுத்த முடியுமா?"ன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. முடியும். விறைச்ச கணுக்காலோட காலை முழுசா இறக்கினா தேவைக்கு மேலயே அழுத்தும். உண்மையான ஆபத்து, வேண்டாதப்போ அழுத்தறது. நல்ல கணுக்கால் என்ன பண்ணுதுன்னு பாருங்க: ஃபுட்ரெஸ்ட்ல பாதத்தை வச்சுக்கிட்டு நுனியை மட்டும் பெடலுக்கு மேல அந்தரத்துல பிடிச்சு வச்சிருக்கும், மணிக்கணக்கா. நமக்குத் தெரியாமலே நடக்குற வேலை இது. பாதத்தைத் தூக்குற நரம்போ தசையோ போனவருக்கு அந்த அந்தரம் கிடையாது. நுனி மெல்ல இறங்கி பெடல் மேல சாஞ்சுக்கும். பிரேக் ஷூ ட்ரம்மோட உரசும், சூடேறும், தேயும், மைலேஜ் குறையும். அதைவிட மோசம், பிரேக் லைட் விடாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு நீங்க உண்மையிலேயே பிரேக் போடறப்போ எந்த அறிகுறியும் தெரியாது.

அதனால வலது பக்கத்துல முதல் வேலை பெடலை இறக்கறது. பெரும்பாலான வண்டியில பெடல் மேலே வர்றதைத் தடுக்க ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்கும், அதைத் திருகினா பெடல் நிக்கிற உயரம் மாறும். அவர் தினமும் போடற ஷூவைப் போட்டு, சென்டர் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தி, உக்கார வச்சு, காலைத் தளர விடச் சொல்லிட்டு ஒருத்தர் கீழே குனிஞ்சு பாக்கணும். ஷூவோட அடிப்பாகத்துக்கும் பெடலுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். அதோட விட்டுடக்கூடாது. உயரத்தை மாத்தினா ட்ரம் பிரேக்கோட ஃப்ரீ ப்ளேயும் (பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடி பெடல் சும்மா நகர்ற தூரம்) மாறிடும். கம்யூட்டர் வண்டிகள்ல அது பொதுவா 20-லேர்ந்து 30 மி.மீ., உங்க வண்டியோட புத்தகத்தைப் பாத்து பின்சக்கரத்து நட்டைத் திருகி அந்த அளவுக்குக் கொண்டு வரணும். பிரேக் லைட் சுவிட்சையும் புது உயரத்துக்கு ஏத்த மாதிரி நகர்த்தணும், இதை மறக்குற மெக்கானிக்குகள் நிறைய. பின்னாடி டிஸ்க் இருக்குற வண்டியில மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுற ராடுல கொஞ்சமாவது விளையாட்டு இருந்தே ஆகணும். அது துளிகூட இல்லாம இறுக்கிட்டா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, ஆயில் திரும்புற துவாரம் திறக்காது, ஓட ஓட ஆயில் சூடாகி விரிஞ்சு பிரேக் தானாப் பிடிச்சுக்கும்.

அடுத்தது அளவா அழுத்தறது. கணுக்கால் நுணுக்கமான கருவி, தொடை முரட்டுக் கருவி. தொடையால பிரேக் போட்டா ஈர ரோட்டுல பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கற வாய்ப்பு அதிகம். இதுக்கும் அதே கணக்குதான் பதில். பெடல்ல கால் அழுத்துற இடத்தை அதோட அச்சுக்குக் கிட்டே கொண்டு வந்தா, அதே பிரேக்குக்குக் கூடுதல் பலம் தேவைப்படும். அப்போ தொடையோட முரட்டுத்தனம் பெடல்ல போய் மென்மையாகும். மொத்தக் காலும் சேர்ந்து இறங்கவேண்டிய தூரமும் குறையும். பெடல் நுனிப் பட்டையை அகலமாக்கி, அச்சுப் பக்கமா கொஞ்சம் நீட்டி, சொரசொரப்பான ரப்பர் ஒட்டினா போதும், பாதத்தோட நடுப்பகுதியால அழுத்தலாம். லேத் பட்டறையில ஆகற வேலை. ஆனா சின்ன வண்டிக்காரங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். 2019 ஏப்ரல்லேர்ந்து வந்த புது வண்டிகள்ல 125 சிசி வரைக்கும் குறைஞ்சபட்சம் சிபிஎஸ், அதுக்கு மேல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ். சிபிஎஸ் இருக்குற பைக்ல வலது பெடலை மிதிச்சா முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அங்க பெடல் உயரம், பட்டை, புத்தகத்துல சொன்ன ஃப்ரீ ப்ளே, இதைத் தாண்டி ராடு கேபிள் பக்கம் கை வைக்கக்கூடாது. ரெண்டு சக்கரத்துக்கும் பங்கு பிரிக்குற அமைப்பு அது, ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் கெடும்.

இதெல்லாம் பண்ணியும் வலது கால் ஒத்துவரலைன்னா, பிரேக்கைக் கைக்குக் கொண்டு போகணும். இதுக்கு உலகத்துலயே பெரிய சாட்சி மிக் டூஹன். ஆஸ்திரேலிய பைக் ரேஸ் வீரர், ஹோண்டா அணி. 1992-ல நெதர்லாந்துல அஸென் பந்தயத்துக்கான பயிற்சியில விழுந்து வலது கால் மோசமா உடைஞ்சது. ரத்த ஓட்டம் நின்னு காலையே எடுக்குற நிலைமை. கிளாடியோ கோஸ்டாங்கற இத்தாலிய டாக்டர் அவரை இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போய், நல்ல காலோட ரத்தம் அடிபட்ட காலுக்கும் கிடைக்கட்டும்னு ரெண்டு காலையும் ஒண்ணாச் சேர்த்துத் தைச்சார். கால் பிழைச்சது. ஆனா வலது கணுக்கால்ல பழைய அசைவு வரல, பிரேக் பெடலை நம்பி ஓட்ட முடியல. அப்போ அவருக்காக இடது கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலால தள்ளுற ஒரு சின்ன லீவர் வச்சு, பின் பிரேக்கை அதுல இணைச்சாங்க. அதுக்கு அப்புறம் 1994-லேர்ந்து 1998 வரைக்கும் 500 சிசி உலகச் சாம்பியன் பட்டம் அஞ்சு வருஷமும் அவருக்குத்தான். முக்கியமான விஷயம் இனிமேதான் இருக்கு. இன்னைக்கு மோட்டோஜிபியில கணுக்கால் நல்லா இருக்குற ரைடர்கள் பலபேர் அதே கட்டைவிரல் பிரேக்கை வச்சு ஓட்டறாங்க. வலது பக்கம் சாஞ்சு வளைவுல போறப்போ நல்ல காலுக்கே பெடல் எட்டாது. அடிபட்ட ஒருத்தருக்காகச் செஞ்ச மாற்றம் எல்லாருக்கும் நல்ல வழியாப் போச்சு.

"அது ஹோண்டா ரேஸ் டீம், காசு கொட்டிச் செய்வாங்க, நம்மால ஆகுமா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. டிஸ்க் வண்டிக்குத் தேவை ஒரு சின்ன மாஸ்டர் சிலிண்டர், ஒரு லீவர், ஒரு ஹோஸ். தத்துவத்துல அவ்வளவுதான். ஏபிஎஸ் இருந்தா அந்த வேலை தெரிஞ்சவங்க கையிலதான் குடுக்கணும். ட்ரம் வண்டிக்குக் கேபிள் போதும்னு தோணும், ஏன்னா ஆக்டிவாவுல பின் ட்ரம்மை இடது கை லீவர் கேபிள் மூலமாத்தானே பிடிக்குது? ஆனா ஸ்கூட்டர்ல இடது கைக்குக் கிளட்ச் கிடையாது. பைக்ல அதே கை கிளட்சையும் பிடிக்கணும், பிரேக்கையும் பிடிக்கணும், நிறுத்தற நேரத்துல ரெண்டும் ஒண்ணா வேணும். ட்ரம்மை இழுக்குற பலம் கட்டைவிரலுக்குப் பத்தாது. அதனால ட்ரம் வண்டிக்காரங்களுக்கு என் அபிப்பிராயம், பெடலைச் சரி பண்றதுலதான் முழு முயற்சியையும் போடணும். கியர் பக்கத்துல கை வழி சுலபம். கிளிக்ட்ரானிக், பிங்கல் மாதிரி கம்பெனிகள் பொத்தானை அழுத்தினா மின்சாரத்துல கியர் லீவரைத் தள்ளுற கருவி வெளிநாட்டுல செய்யுறாங்க. அது ஒரே இழுப்புல நிறைய மின்சாரம் கேக்கும், 100 சிசி வண்டியோட குட்டி பேட்டரியைப் பாத்துத்தான் யோசிக்கணும். யமஹா 2024-ல எம்டி-09 வண்டியில கிளட்ச் லீவரும் கால் கியரும் இல்லாம, விரலாலயே கியர் மாத்துற ஒய்-ஏஎம்டி கொண்டு வந்தாங்க. ஹோண்டா டிசிடி அதுக்கும் முன்னாடியே இருக்கு. இன்னைக்கு விலை எட்டாக்கனிதான், ஆனா கம்பெனிகளே காலை விட்டு கைக்குப் போறாங்கங்கறது இந்த வாதத்துக்குப் பக்கபலம்.

இப்போ அந்த ஸ்கூட்டர் யோசனைக்கு நேர்மையா பதில் சொல்லணும். ரெண்டு கணுக்காலும் விறைச்சவருக்கு, ஊருக்குள்ள மட்டும் ஓட்டறவருக்கு ஸ்கூட்டர் நல்ல தீர்வுதான். ஏத்தரோ ஐக்யூபோ ஆக்டிவாவோ, ரெண்டு பிரேக்கும் கையில, கியர் கிடையாது. காலுல பலமே இல்லாதவங்களுக்குத் தமிழ்நாடு அரசு குடுக்குற இணைப்புச் சக்கரம் பொருத்தின ஸ்கூட்டர் எத்தனையோ பேரை வேலைக்கும் காலேஜுக்கும் கொண்டு போயிருக்கு. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய கூட்டம் இருக்கு. ஒரு கணுக்கால் மட்டும் சரியில்லாதவங்க. நல்லா நடப்பாங்க, வேலை செய்வாங்க, வீட்டுல ஓடுற நிலையில ஒரு பைக் நிக்கும். குண்டும் குழியுமான கிராமத்து ரோட்டுல 18 இஞ்ச் சக்கரம் தாண்டுற பள்ளத்துல 10 இஞ்ச் சக்கரம் விழுந்து எழுந்திருக்கும். பால் கேனும் உர மூட்டையும் ஏத்தறவருக்கு, தினமும் நெடுந்தூரம் போறவருக்கு வண்டி மாத்தறது வாழ்க்கையையே மாத்தறது. அவங்ககிட்ட புது வண்டி வாங்குன்னு சொல்றதுக்கு முன்னாடி, இருக்குற வண்டியோட ஒரு போல்ட்டைத் திருகிப் பாத்தோமான்னு கேக்கறதுதானே முறை?

"முன் பிரேக் போதுமே, பின் பிரேக்கை விட்டுடலாமே"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. காஞ்ச தார் ரோட்டுல வேகமா நிறுத்தறப்போ எடை முன்னாடி போறதால முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலை செய்யும், சரி. ஆனா மணல் கிடக்குற திருப்பத்துல, மழை ஈரத்துல, மெதுவா யூ-டர்ன் அடிக்கறப்போ, பாலத்து ஏத்தத்துல வண்டியைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டே ஆக்ஸிலேட்டரைத் திருக வேண்டியிருக்கறப்போ, பின் பிரேக் இல்லாம திண்டாட்டம்தான். வலது கை ஒரே நேரத்துல பிரேக்கும் பிடிச்சு ஆக்ஸிலேட்டரும் திருகணும்னா அது நுணுக்கமான வித்தை. இயலாமையை ஈடுகட்ட இன்னொரு வித்தையை மனுஷன் மேல சுமத்தறதைவிட பெடலைச் சரி பண்றது நல்லது.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில இருக்குற விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்குது. லீவரை ஒரு பல்லு தள்ளி மாட்டறது, பெடல் உயரத்தைச் சரி பண்றது, இதெல்லாம் கம்பெனியே குடுத்திருக்குற சரிப்படுத்தல், ஆர்சியில எதுவும் மாறல. பிரேக்கைக் கைக்குக் கொண்டு போற அளவு மாத்தறீங்கன்னா அது வேற கதை, ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கிட்டுத்தான் செய்யணும், இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லணும். 2019 திருத்தத்துல, உடல் குறைபாடு உள்ளவருக்காக மாத்தியமைச்ச வாகனத்துக்குத் தனி வரையறையே சட்டத்துல வந்தாச்சு. அப்படி மாத்தினது குற்றம்னு பயந்து ஒளிச்சு ஓட்டவேண்டிய அவசியம் இல்ல. வீட்டுல மத்தவங்களும் அந்த வண்டியை எடுப்பாங்கன்னா, பழைய பெடலை எடுக்காம புதுசைக் கூடுதலா வைக்கப் பாருங்க. தம்பி அவசரத்துக்கு எடுத்துட்டுப் போய் இல்லாத பெடலைத் தேடக்கூடாது.

இந்த வாதம் நிக்காத இடம் ஒண்ணு இருக்கு. அசைவோட சேர்ந்து உணர்ச்சியும் போனவங்க. சர்க்கரை நோயால பாதம் மரத்துப்போனவங்க, தொழுநோய் நரம்பைப் பாதிச்சவங்க. அவங்களுக்குப் பாதம் பெடல் மேல இருக்கா, பக்கத்துல இருக்கா, சைலன்ஸர்ல பட்டுப் பொசுங்குதான்னே தெரியாது. பெடலை எவ்வளவு நல்லா அமைச்சாலும் அந்தக் குறையை அது தீர்க்காது. அது வலது காலா இருந்தா கால் பிரேக்கை நம்பவே கூடாது, கை பிரேக் வண்டிதான் சரி. ஆபரேஷன் ஆகி எலும்பு கூடாதவங்களும் டாக்டர் சொல்ற வரைக்கும் காத்திருக்கணும், குதிகாலால ஓங்கி மிதிக்கிற பலம் முழுக்க அந்த மூட்டு வழியாத்தான் போகும்.

மெக்கானிக் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒருத்தர் வண்டியோட வந்து நின்னா, "கம்பெனி செட்டிங், மாத்தக்கூடாது"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. அவரைச் சென்டர் ஸ்டாண்டுல உக்கார வச்சு, எந்தக் கால், தூக்க முடியலையா, அழுத்த முடியலையான்னு கேளுங்க. ஒரு சமயத்துல ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க, காலி மைதானத்துல ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, அப்புறம் அடுத்தது. கடைசியா பிரேக் லைட் எப்போ எரியுது, எப்போ அணையுதுன்னு நீங்களே பின்னாடி நின்னு பாத்துட்டு வண்டியை விடுங்க.